பணி இழப்பும் தன்னம்பிக்கையும்: தங்கவயல் கற்பித்தவை

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கோலார் தங்கவயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணிகளை நிறுத்தியது. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. 1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்று நடத்தின. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் இந்த மண்ணிலிருந்து 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் எடுக்கப்பட்டது. ஒரு காலத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் உழைத்த இந்தச் சுரங்கங்களில், மூடப்பட்ட நாளில் 3,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பாட்டனும் தந்தையும் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து இதே சுரங்கங்களில் இறங்கியவர்கள்.

இன்று பணி இழப்பு என்பது தங்கவயலுக்கு மட்டும் உரிய செய்தி அன்று. ஆட்குறைப்பு, ஒப்பந்த முடிவு, கிளை மூடல், நிறுவன இணைப்பு எனப் பல பெயர்களில் அது எல்லா ஊர்களிலும் வருகிறது. மென்பொருள் பொறியாளருக்கும் வருகிறது. ஆலைத் தொழிலாளிக்கும் வருகிறது. வேலை போன பிறகு பணத்தை எவ்வாறு காப்பது என்பதை வங்கியினராகிய நாங்கள் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். தன்னம்பிக்கையை எவ்வாறு காப்பது என்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றியே நிற்கின்றன. ஒன்று சாய்ந்தால் மற்றொன்றும் சாயும். ஆகவே இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே காண்போம்.

நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

வணிகவியல் படித்தவர்கள் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று, வருவாய் இனத்தையும் மூலதன இனத்தையும் பிரித்தறிவது. ஓராண்டு வருமானம் குறைந்தால் அது வருவாய்க் கணக்கில் ஏற்பட்ட நட்டம். கட்டடமும் இயந்திரமும் அப்படியே இருக்கின்றன. அந்த நட்டத்தைக் கொண்டுபோய் மூலதனக் கணக்கில் எழுதினால், நன்றாக இருக்கும் நிறுவனமும் நொடித்துப்போனதாகவே தோன்றும்.

வேலையை இழந்தவர் பெரும்பாலும் இந்தத் தவற்றைத்தான் தம் வாழ்க்கைக் கணக்கில் செய்கிறார். நின்றுபோனது மாதச் சம்பளம். அவர் அறிந்த தொழில், பழகிய ஒழுங்கு, பிறரோடு சேர்ந்து உழைக்கும் பக்குவம், சம்பாதித்த நற்பெயர் ஆகியவை அவரிடமே உள்ளன. ஆனால் சம்பளம் நின்ற மறுநாளே "எனக்கு ஒன்றும் தெரியாது, நான் எதற்கும் பயன்படமாட்டேன்" என்று அவர் தம்மையே கழித்து எழுதிவிடுகிறார்.

தங்கவயலின் கதையைச் சற்று உற்றுநோக்கினால் இந்த வேறுபாடு தெளிவாகும். சுரங்கம் மூடப்பட்டதற்குக் காரணங்கள் பாறையிலும் விலையிலும் இருந்தன. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியிருந்தது. அவ்வளவு ஆழத்தில் வெப்பத்தைத் தணிக்கவும், காற்றைச் செலுத்தவும், நீரை இறைக்கவும், பாறை வெடிப்புகளிலிருந்து காக்கவும் செலவு கூடிக்கொண்டே போனது. ஒரு டன் பாறையில் கிடைத்த தங்கமோ குறைந்துகொண்டே வந்தது. நிறுவனம் 1992-ஆம் ஆண்டு தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. பின்னர் அதை மூடுவதென முடிவாயிற்று. இந்தக் காரணங்களுள் ஒன்றுகூட, கீழே இறங்கி உழைத்த மனிதனின் திறமைக் குறைவு அன்று. இருந்தும், மூடல் அறிவிப்பைத் தம் மீது வழங்கப்பட்ட தீர்ப்பாகக் கொண்டவர்கள் பலர்.

ஆகவே பணியை இழந்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை, வேலை போன காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. நிறுவனத்தின் நிலை, சந்தையின் நிலை, தம்முடைய பங்கு என மூன்று பத்திகளாகப் பிரிக்கலாம். தம்முடைய பங்கு ஏதேனும் இருப்பின் அதைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. மற்ற இரண்டையும் தம் தலையில் சுமக்க வேண்டியதில்லை.

ஒரே ஆழம், இரண்டு மதிப்புகள்

செலவு மிகுந்த அதே ஆழத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. 1965-ஆம் ஆண்டு, தங்கவயல் சுரங்கத்தில் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களைப் பதிவுசெய்தனர். உலகில் அத்தகைய பதிவு நிகழ்ந்தது அப்போதுதான் முதன்முறை. மேலிருந்து வரும் பிற துகள்களைத் தடுத்து நிறுத்த அவ்வளவு கனமான பாறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. தங்கத்தின் கணக்கில் பெருஞ்செலவாக நின்ற ஆழம், இயற்பியலின் கணக்கில் பெரும்பேறாக அமைந்தது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். பாறை வெடிப்புகளோடு நெடுங்காலம் போராடிப் பெற்ற அறிவின் தொடர்ச்சியாக, 1988-ஆம் ஆண்டு தங்கவயலில் தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடிய பிறகும் அந்த நிறுவனத்தின் பணி தொடர்ந்தது. நீர்மின் திட்டங்களுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் அதன் ஆய்வு பயன்படுகிறது. தங்கம் எடுக்கும் தொழில் நின்றது. பாறையை அறியும் அறிவு வேறு வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டது.

தனி மனிதருக்கும் இது பொருந்தும். ஓரிடத்தில் விலைபோகாத திறமை வேறோர் அளவுகோலின் கீழ் மதிப்புப் பெறக்கூடும். சுரங்கத்தில் மின்பணி செய்தவருக்கு அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியும் நீரேற்றியும் அந்நியமானவை அல்ல. இருபது ஆண்டுகள் கடைக் கணக்கு எழுதியவருக்கு ஜி.எஸ்.டி. படிவம் சில வாரப் பயிற்சியில் கைவரும். எனவே "நான் எந்தப் பதவியில் இருந்தேன்" என்று எழுதுவதை விட, "எனக்கு என்னென்ன செய்யத் தெரியும்" என்று பட்டியலிடுவதே பயன் தரும். பதவிப் பெயர் நிறுவனத்தின் சொத்து. செய்யத் தெரிந்தவை நம் சொத்து.

வேலை தந்தது சம்பளம் மட்டுமா?

ஆஸ்திரியாவில் வியன்னா நகருக்கு அருகே மரியன்தால் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கிருந்த நெசவு ஆலை 1930-ஆம் ஆண்டளவில் மூடப்பட்டபோது ஊர் முழுவதும் வேலை இழந்தது. மரி யஹோடா, பால் லாசர்ஸ்பெல்டு, ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் அங்கே சென்று ஆராய்ந்து 1933-இல் நூலொன்றை வெளியிட்டனர். ஓய்வு நேரம் நிறையக் கிடைத்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. கட்டணத்தை நீக்கிய பிறகும் அந்நிலை மாறவில்லை. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தனர், அடிக்கடி நின்றனர். ஒரு நாளில் என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது பல மணி நேரத்திற்குச் சொல்ல எதுவும் இல்லாதிருந்தது. வீட்டு வேலைகளைச் சுமந்த பெண்களின் நாளுக்கு மட்டும் ஒரு வடிவம் எஞ்சியிருந்தது.

இந்த அனுபவத்தைப் பிற்காலத்தில் யஹோடா ஒரு கருத்தாக வகுத்தார். வேலை சம்பளத்தைத் தவிர ஐந்து பொருள்களைச் சத்தமின்றித் தருகிறது என்றார் அவர். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்திற்கு வெளியே மனிதத் தொடர்பு, பலரோடு கூடிய ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், ஓயாத செயல்பாடு ஆகியனவே அவை. வேலை போகும்போது இவ்வைந்தும் ஒரே நாளில் போகின்றன. தன்னம்பிக்கை குலைவது இவற்றின் இழப்பால்தான். "மனத்தைத் தைரியமாக வைத்துக்கொள்" என்ற அறிவுரை பயனளிக்காமல் போவதும் இதனால்தான். இழந்தவற்றை ஒவ்வொன்றாக வேறு வழியில் மீட்க வேண்டும்.

தங்கவயலில் சுரங்கத்தின் ஷிப்ட் நேரமே ஊரின் நேரமாக இருந்தது. அது நின்ற பிறகு, வேலை தேடிப் பெங்களூரு செல்வோருக்கு மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலின் நேரம் புதிய ஒழுங்கானது. ஒரு வழிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். இந்தப் பயணம் எளிதன்று. உடலையும் குடும்ப நேரத்தையும் வாங்கும் பயணம். எல்லோருக்கும் நல்ல முடிவு கிட்டிற்று என்றும் சொல்வதற்கில்லை. எனினும் குறித்த நேரத்தில் எழுந்து, குறித்த இடத்திற்குச் சென்று, தெரிந்த முகங்களோடு பேசித் திரும்பும் பழக்கம் பலரை நிலைகுலையாமல் காத்தது என்பதை இப்பகுதியில் பணியாற்றும் நாங்கள் அறிவோம்.

வேறு வேலை கிடைக்கும் வரை வீட்டிலிருப்பவரும் இந்த ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம். பழைய நேரத்திலேயே எழுதல், காலைப் பொழுதை வேலை தேடுவதற்கோ பயிற்சிக்கோ ஒதுக்குதல், வாரத்தில் இரு நாளேனும் பழைய சக பணியாளர்களைக் காணல், ஊர்ச் சங்கத்திலோ நூலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ ஒரு பொறுப்பை ஏற்றல் ஆகியவை சிறியனவாகத் தோன்றலாம். ஆயினும் வேலை தந்த ஐந்தில் நான்கை இவை ஓரளவு ஈடுசெய்யும்.

படிவத்தின் ஒரு கட்டம்

ஐந்தாவதான அடையாளமே கடினமானது. இதை நாங்கள் எங்கள் மேசையிலேயே காண்கிறோம். வங்கிப் படிவத்தைப் பெயர், முகவரி எனத் தடையின்றி நிரப்பிவரும் வாடிக்கையாளர், "தொழில்" என்ற கட்டத்தில் வந்ததும் பேனாவை நிறுத்துகிறார். சிலர் விட்டுப்போன நிறுவனத்தின் பெயரையே எழுதுகின்றனர். சிலர் "பிறகு வருகிறேன்" என்று எழுந்து செல்கின்றனர், பின்னர் வருவதில்லை.

அவர்களுக்கு நாங்கள் கூற விரும்புவது இதுதான். அந்தக் கட்டம் கேட்பது வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை; ஆளின் மதிப்பை அன்று. தற்போது பணியில் இல்லை என்று உண்மையாகக் குறிப்பதில் எந்த இழிவும் இல்லை. அதனால் உங்கள் சேமிப்புக் கணக்கு மூடப்படுவதும் இல்லை. சரியான தகவல் எங்களிடம் இருந்தால்தான் உங்களுக்கு ஏற்ற வழியைக் கூற எங்களால் இயலும்.

உறவினரும் அண்டை வீட்டாரும் "இப்போது எங்கே வேலை?" என்று கேட்கும்போதும் இதே தயக்கம் எழும். அதற்கு ஒரு விடையை முன்னரே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. "நான் பிட்டர். கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், தெரிந்தால் சொல்லுங்கள்" என்பது போதும். இதில் பொய் இல்லை, புலம்பலும் இல்லை. கேட்டவரே உதவக்கூடிய வாய்ப்பும் இருக்கிறது. மறைப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வீட்டாரிடம் மறைப்பது இன்னும் தீங்கானது. வழக்கம்போல் சாப்பாட்டுப் பையுடன் புறப்பட்டு மாலையில் திரும்புவோர் உண்டு. குடும்பம் செலவைக் குறைக்க வேண்டிய மாதங்கள் அந்த மறைப்பில் வீணாகின்றன. உண்மையை முதல் வாரத்திலேயே கூறி, கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து மாதச் செலவை எழுதுவதே சிறப்பு. மனைவியின் சம்பாத்தியத்தில் சில காலம் வீடு நடக்குமெனில் அதை இழுக்காகக் கருதாமல், வீட்டு வேலையில் கணவர் தம் பங்கை ஏற்பதே முறை.

பணம் கரைந்தால் மனமும் கரையும்

மரியன்தால் ஆய்வின் இன்னொரு முடிவு வங்கியினரின் கவனத்திற்குரியது. தலைக்குக் கிடைத்த வருமானம் குறையக் குறைய, குடும்பங்களின் மனநிலையும் படிப்படியாகச் சரிந்திருந்தது. ஊக்கம் குன்றாத குடும்பங்களின் கையில் சற்றே கூடுதல் பணம் இருந்தது. ஆகவே தன்னம்பிக்கை மனவலிமையை மட்டும் பொறுத்தது எனக் கூறுவது நேர்மையாகாது. கையிலுள்ள தொகையைக் காப்பதும் மனத்தைக் காப்பதன் ஒரு பகுதியே. அதற்கான சில வழிகள்:

1. இழப்பீடு, பணிக்கொடை போன்ற தொகை மொத்தமாக வந்தால், முதல் மூன்று மாதங்களுக்குப் பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவைக் குறுகிய கால வைப்பில் தனியே வையுங்கள். வட்டி மிகுந்த கடன் இருப்பின் அதை முதலில் தீர்த்துவிடுங்கள். எஞ்சியதைப் பாதுகாப்பான வைப்புகளில் பிரித்து வையுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டி உட்பட 5 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. குறுகிய காலத்தில் இரட்டிப்பாக்கித் தருவோம் என்று வீடு தேடி வருவோருக்கு அந்தக் காப்பு இல்லை.

2. கடன் தவணை இருப்பின், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்கு வாருங்கள். நிலுவை 90 நாட்களைக் கடந்தால் கடன் செயல்படாச் சொத்தாக வகைப்படுத்தப்படும். கடன் தகவல் அறிக்கையிலும் அது பதிவாகும். அதற்கு முன் வந்தால், கால நீட்டிப்பு போன்ற வழிகளை விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்க இடமுண்டு. வெட்கத்தால் தொலைபேசியை எடுக்காதிருப்பதே பல கடன்களைச் சிக்கலாக்குகிறது.

3. நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணியோடு முடிந்துவிடும். குடும்பத்திற்கு மாற்று ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு 436 ரூபாயில் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடும், 20 ரூபாயில் சுரக்ஷா விபத்துக் காப்பீடும் உங்கள் கணக்கிலிருந்து செல்லுமானால், மே மாத இறுதியில் அதற்கான இருப்பு கணக்கில் இருக்கட்டும். கணக்கைத் துடைத்தெடுத்ததால் காப்பீடு அறுந்துபோவது வருந்தத்தக்கது.

4. வருங்கால வைப்பு நிதியை உடனே முழுவதும் எடுக்க அவசரப்படாதீர்கள். அடுத்த வேலைக்கு அதை மாற்றிக்கொள்ளலாம். எடுப்பதற்கான விதிகள் அவ்வப்போது மாறுவதால் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் கேட்டறிந்து முடிவுசெய்யுங்கள்.

மறுப்புக்கு ஆயத்தமாதல்

வேலை தேடும் காலத்தில் தன்னம்பிக்கையை அரிப்பது தொடர்ந்து வரும் மறுப்பே. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1980-களில் வேலையற்றோருக்கென ஒரு பயிற்சியை வகுத்தனர். வேலை தேடும் முறையோடு, மறுப்பு வரும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, வந்தால் அடுத்து என்ன செய்வது என்பதையும் அங்கே பழக்கினர். பயிற்சி பெற்றோர் மனச்சோர்வு குறைந்தவர்களாகவும், நல்ல வேலையில் அமர்ந்தவர்களாகவும் இருந்தனர். பின்லாந்திலும் இம்முறை பின்பற்றப்பட்டது. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது எளியது. ஒரு நேர்காணலுக்குச் செல்லும்போதே அடுத்த இரண்டு விண்ணப்பங்களும் கையில் இருக்க வேண்டும். அப்போது ஒரு மறுப்பு ஒரு மறுப்பாகவே நிற்கும்.

1994-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நடுவயதில் வேலையிழந்த பொறியாளர்களுள் ஒரு பிரிவினர், அந்த இழப்பைக் குறித்துத் தம் மனத்தில் உள்ளதை நாளொன்றுக்கு 20 நிமிடம் என ஐந்து நாள் எழுதினர். அவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேலை பெற்றனர். சினத்தைத் தாளில் இறக்கியவர் அதை நேர்காணல் அறைக்குள் சுமந்து செல்வதில்லை என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

புதுத் தொழில் தொடங்க எண்ணுவோர், "சும்மா இருக்கிறான்" என்ற பேச்சுக்கு அஞ்சி அவசரமாகக் கடை திறக்க வேண்டாம். முதலில் பயிற்சி பெறுங்கள். 1982-இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய ருட்செட்டி பயிற்சி நிலையத்தை முன்மாதிரியாகக் கொண்டு, இன்று நாடெங்கும் மாவட்ட அளவில் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை வங்கிகள் நடத்துகின்றன. தகுதியுடையோருக்குப் பயிற்சி இலவசம். அதன் பின் முத்ரா கடனுக்கு விண்ணப்பிக்கலாம். 50,000 ரூபாய் வரையிலான சிசு பிரிவு, தொழிலைச் சிறிதாகத் தொடங்கிப் பார்க்க ஏற்றது.

இவ்வளவும் செய்தும் உறக்கம் வராமல், உணவில் விருப்பமின்றி, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் தொடருமானால், அது தைரியக் குறைவு அன்று. மருத்துவ உதவி தேவை என்பதன் அறிகுறி. மருத்துவரை அணுகுங்கள். அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.

தங்கவயலில் சயனைடு மணல்மேடுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றைக் கடந்துதான் பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் இரயிலடிக்கும் செல்கின்றனர். சுரங்கத்தின் பேரேடு மூடப்பட்டுவிட்டது. அதில் உழைத்தவர்களின் கணக்கும் அவர்தம் மக்களின் கணக்கும் தொடர்ந்து எழுதப்பட்டு வருகின்றன. உங்களுக்கோ உங்களைச் சார்ந்தோருக்கோ அத்தகைய காலம் நேருமாயின், பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளைக்கு வாருங்கள். "தொழில்" என்ற கட்டத்தை இருவரும் சேர்ந்தே நிரப்புவோம்.